தகடு வெட்டி ஒரு ரயில் இன்ஜின்: வாசகர் கேள்விகள்

கிட் எதுவும் வாங்காமல், தகடு வெட்டி, பற்றவைத்து, கையாலேயே சின்ன நீராவி இன்ஜின் செய்வது பற்றி இந்த மாதம் நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஊட்டி ரயில் இன்ஜினை மாடலாகச் செய்ய ஆசை. இதுவரை எதுவும் செய்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ஊர்ப்பாசம் புரிகிறது சார், ஆனால் முதல் இன்ஜினாக அது வேண்டாம். அந்த எக்ஸ் கிளாஸ் இன்ஜின் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்தது. ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்; கீழே இருப்பது சக்கரத்தைச் சுற்ற, மேலே இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12-க்கு 1 ஏற்றத்தில் பல்சட்டத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுற்ற. பக்கவாட்டில் பார்த்தால் ராடும் லீவருமாக ஒரே கூட்டம். முதல் இன்ஜினில் ஒரு ஜோடி ராடு தடையில்லாமல் ஓடினாலே பெரிய விஷயம்.

அதனால் ஒய்.பி. எடுங்கள். 1949-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்து, பிறகு ஜாம்ஷெட்பூர் டெல்கோ தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்த அதே மீட்டர்கேஜ் எக்ஸ்பிரஸ் இன்ஜின். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. சிலிண்டர் வெளிப்பக்கம் இரண்டே இரண்டு. எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும், அதனால் போட்டோ வைத்தே பாதி வேலை நடக்கும்.

புல்லட் மூக்கு பிராட்கேஜ் இன்ஜின் டபிள்யூ.பி.தான் எனக்குப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு எல்லோரும் மீட்டர்கேஜ் செய்யச் சொல்கிறார்களே, ஏன்?
– வாசகர், சென்னை

அழகில் டபிள்யூ.பி.க்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் தண்டவாளத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அளவுத் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம், அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மி.மீ. பாதைக்காக வந்தது. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. 87-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 19.3 மி.மீ. வரவேண்டும். 16.5-ல் நிறுத்தினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைகிறது, முன்பக்கமிருந்து பார்த்தால் இன்ஜின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். சரியான அகலம்தான் வேண்டுமென்றால் தண்டவாளத்தையும், பாதை பிரியும் பாயின்ட்டையும் நீங்களே போட வேண்டும், அது தனி வாழ்க்கை.

மீட்டர்கேஜ் 1000 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் 11.5. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது, சுவிஸ் மலை ரயில் மாடல்கள் ஓடுவது அதில்தான். அரை மி.மீ. வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அளவு மாற்ற ஒரு சுருக்குவழி: இந்த அளவில் நிஜத்தின் ஒரு அடி மாடலில் 3.5 மி.மீ. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 4 அடி 6 அங்குலம், அதாவது 15.75 மி.மீ. அந்தக் கால வரைபடங்கள் அடி, அங்குலத்தில்தான் இருக்கும் என்பதால் இது அடிக்கடி கைகொடுக்கும்.

என்ன தகடு, என்ன கருவி?
– வாசகர், கும்பகோணம்

ஃபிரேமுக்கு 0.5 மி.மீ. பித்தளை, மேல் உடம்புக்கு 0.25 அல்லது 0.3. ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லை, நிக்கல் கலந்த செம்புக் கலவை) தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. விறைப்பு அதிகம், சூட்டை சீக்கிரம் கடத்தாததால் பற்றவைப்பதும் சுலபம். ஆனால் ஜெர்மன் சில்வர் என்று சொல்லி விற்கும் பூஜைத் தட்டை வாங்கி வெட்டாதீர்கள், உள்ளே என்ன உலோகம் என்று கடைக்காரருக்கே தெரியாது.

கருவிக்கு உங்கள் ஊரில் அலைய வேண்டாம். நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் கம்பி ரம்பம், சின்ன அரங்கள், இடுக்கி எல்லாம் இருக்கும். ரம்ப பிளேடு டஜன் கணக்கில் வாங்குங்கள், உடைந்துகொண்டே இருக்கும். சோல்டரிங் அயர்ன் 50 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். ரேடியோ ரிப்பேர் செய்யும் 25 வாட் அயர்னை வைத்தால் பித்தளை சூட்டையெல்லாம் குடித்துவிட்டு, சோல்டர் உருண்டையாக மேலேயே நிற்கும்.

பாய்லருக்கு மட்டும் தகடு வளைக்க வேண்டாம். வரைபடத்தின் விட்டத்துக்குப் பொருந்தும் பித்தளைக் குழாய் போதும், பி.வி.சி. வயரிங் பைப்கூடப் போதும். மேலே பட்டைகள் சுற்றிப் பெயின்ட் அடித்தபிறகு யாருக்கும் தெரியாது.

ஃபிரேம், சக்கரம், ராடு எல்லாம் மாட்டிவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திக்குகிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை.
– வாசகர், திருச்சி

எண்ணெய் பாட்டிலை மூடி வையுங்கள், இது எண்ணெய் விஷயமே இல்லை. சைக்கிளில் இரண்டு பெடலும் எதிரெதிராக, 180 டிகிரியில் இருக்கும். பெடல் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. ரயில் இன்ஜினில் அந்த வம்பு வரக்கூடாது என்றுதான் இடது பக்கக் கிராங்க் பின்னுக்கும் (சக்கரத்தில் ராடு மாட்டும் முளை) வலது பக்கத்துப் பின்னுக்கும் 90 டிகிரி இடைவெளி விடுகிறார்கள், ஒரு பக்கம் செத்த புள்ளியில் நிற்கும்போது மறுபக்கம் முழு பலத்தோடு தள்ளும். உங்கள் மாடலில் மூன்று அச்சிலும் அந்தக் கோணம் ஒரே மாதிரி இல்லை, அல்லது ராடின் துளை தூரமும் அச்சுகளின் தூரமும் ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டில் ஒன்றுதான்.

கண்டுபிடிப்பது இப்படி. பிஸ்டன் பக்கத்து ராடுகளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடு நடுவில் மூட்டு உள்ளதாக இருந்தால் முதல் இரண்டு அச்சை மட்டும் இணைத்து விரலால் மெதுவாக உருட்டுங்கள். அப்புறம் பின்னால் உள்ள இரண்டு அச்சு. எந்த ஜோடி திக்குகிறதோ அதில்தான் கோளாறு. திக்கும் இடத்தில் நிறுத்தி, ராடை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்; எந்தப் பின் இறுகிப் பிடித்திருக்கிறதோ அந்தச் சக்கரத்தை அச்சின் மேல் ஒரு மயிரிழை திருப்புங்கள். மறுபடி உருட்டுங்கள். பொறுமை போகும், ஆனால் நடுவில் விடாதீர்கள்.

ஒரு ஆறுதல்: கோணம் அச்சடித்தாற்போல 90-ஆக இருக்க வேண்டியதில்லை. 88 என்றாலும் சரி, மூன்று அச்சிலும் அதே 88 இருந்தால் ஓடிவிடும்.

கோணம் சரியாக இருந்தும் திக்கினால் துளை தூரம்தான். ராடின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சமாளிக்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த இன்ஜினில் இப்படிச் செய்யுங்கள்: ராடுக்கான இரண்டு பட்டைகளையும் ஒன்றாகச் சோல்டர் செய்து, ஒரே தடவையில் துளை போட்டு, அதே பட்டையை ஃபிரேம் தகட்டின் மேல் வைத்து அச்சுத் துளையைப் போடுங்கள். ஸ்கேல் வைத்து இரண்டையும் தனித்தனியாக அளந்தீர்களென்றால் இரண்டு அளவு வரும்.

மோட்டார் எது போடுவது?
– வாசகர், ஈரோடு

எலக்ட்ரானிக்ஸ் கடையில் ரோபோ செய்கிற பிள்ளைகள் வாங்கும் என்20 கியர் மோட்டார், 12 வோல்ட், 300 ஆர்.பி.எம். ஏன் 300? எந்த அளவில் சுருக்கினாலும் அதற்கேற்ற வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மாறாது. நிஜ ஒய்.பி. மணிக்கு 60 கி.மீ.யில் போகும்போது அதன் பெரிய சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 230 தடவை சுற்றுகிறது, உங்கள் மாடலுக்கும் அதே கணக்கு. 1000 ஆர்.பி.எம். மோட்டாரைப் போட்டுவிட்டு இன்ஜின் வெறிபிடித்து ஓடுகிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

ஒய்.பி.யில் பாய்லருக்கு அடியில் வெளிச்சம் தெரியும், அங்கே மோட்டார் தொங்கினால் அசிங்கம். பின்னால், அடுப்பு இருக்கும் ஃபயர்பாக்ஸுக்குள் தள்ளிவிடுங்கள். மின்சாரம் இரண்டு தண்டவாளம் வழியாக வருகிறது, ஃபிரேமோ உலோகம் என்பதால் ஒரு பக்கத்துச் சக்கரங்களையாவது இன்சுலேட் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தண்டவாளத்தில் வைத்ததுமே ஷார்ட்.

பத்தாவது படிக்கும் என் மகன் இதற்காக சோல்டரிங் அயர்ன் கேட்கிறான். கொடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

கொடுங்கள் அம்மா. ஜன்னலைத் திறந்து வைக்கட்டும், சோல்டர் ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸின் புகை மூச்சுக்கு ஆகாது. சாதா சோல்டரில் ஈயம் இருக்கிறது, கை கழுவாமல் தட்டில் உட்காரக்கூடாது. பரீட்சை முடியும்வரை அட்டையில் கூட்ஸ் பெட்டி செய்யட்டும். அளவெடுக்கவும் நேர்கோட்டில் வெட்டவும் அதிலேயே பழகிவிடும்.

நிஜ நீராவியில் ஓட்ட முடியாதா?
– வாசகர், மதுரை

முடியும், 12 மி.மீ. தண்டவாளத்தில் வேண்டாம். நீராவிக்கு 45 மி.மீ. தண்டவாளம் பார்த்துக்கொள்ளுங்கள், 1:22.5 அளவில் அது மீட்டர்கேஜுக்கு அப்படியே பொருந்தும். பாய்லர் செம்பில்தான் இருக்க வேண்டும், பித்தளையில் உள்ள துத்தநாகத்தைச் சுடுநீர் நாளாவட்டத்தில் அரித்துவிடும். இணைப்பெல்லாம் 600 டிகிரிக்கு மேல் உருகும் சில்வர் சோல்டர். சாதா சோல்டர் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், பாய்லரில் தண்ணீர் வற்றி அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அந்தச் சூட்டைத் தாண்ட நேரமே ஆகாது. செய்து முடித்ததும் தண்ணீர் நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்துச் சோதிக்காமல் தீ மூட்டாதீர்கள். இது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

கறுப்புப் பெயின்ட் அடித்தேன், ஒரு மாதத்தில் ஓரமெல்லாம் பச்சை பூத்துவிட்டது.
– வாசகர், காரைக்குடி

ஃப்ளக்ஸ் மிச்சம். பெயின்ட்டை முழுக்க உரித்து, வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, மெட்டல் பிரைமர் ஒரு கை அடித்தபிறகு கறுப்பு. அதுவும் டப்பாவில் இருக்கும் பளபளக் கறுப்பு வேண்டாம், மங்கலான கறுப்பில் துளி பழுப்பு கலந்து அடியுங்கள்.