அகதிகளும் குடியேறியவர்களும் புது நாட்டைத் தங்கள் நாடாக உணர என்ன செய்யலாம்?

வரவேற்பு விழாவும் பூங்கொத்தும் முதல் நாளோடு சரி. அதற்கப்புறம் வேலைதான் முக்கியம். டாக்டராக இருந்தவரை ஆண்டுக்கணக்கில் டாக்ஸி ஓட்டவிட்டு, 'நீங்களும் நம்மவர்தான்' என்றால் யார் நம்புவார்? படித்த படிப்பை விரைவாக அங்கீகரிக்க வேண்டும்.

கனடாவில் 1979 முதல் சாதாரண மக்களே குழுவாகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கிறார்கள். வழக்கமாக ஓராண்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதுவரை பார்த்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. அரசு அலுவலகம் தர முடியாத ஒன்று, அவசரத்துக்கு போன் பண்ண நாலு பேர், இதில் கிடைக்கிறார்கள்.

தாய்மொழியை விடச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவர்களிடமும் உதவி கேளுங்கள், எப்போதும் வாங்கும் இடத்திலேயே வைக்காதீர்கள். குடியுரிமையையும் இழுத்தடிக்கக் கூடாது. அகதிகளைப் பொறுத்தவரை, ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 34ஆவது பிரிவே அதை விரைவுபடுத்தச் சொல்கிறது.