மாலையா, மகுடமா?

வணக்கம். கங்கைகொண்ட சோழபுரத்தில், சிவன் ஒருவருடைய தலையில் எதையோ சுற்றும் சிற்பத்தை வழிகாட்டி ‘இராசேந்திர சோழனின் முடிசூட்டு’ என்றார், உங்கள் கையிலிருந்த நூலோ ‘சண்டேசர்’, அதாவது சண்டேசுவரர் என்னும் சிவனடியார், என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே அமர்ந்திருப்பவர் சண்டேசர்தான். அதில் ஐயம் வேண்டாம். சிவனின் கைகளைக் கூர்ந்து பாருங்கள். அவை மகுடம் சூட்டவில்லை. குனிந்த தலையைச் சுற்றிப் பூமாலையைக் கட்டுகின்றன. மண்ணியாற்றங்கரையில், எங்களுக்குப் பக்கத்து ஊரான திருச்சேய்ஞலூரில், மணலால் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்த சிறுவனாகிய சண்டேசர், பாற்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டிச் சிவனருள் பெற்ற கதை, மாடத்தின் பக்கச் சுவர்களில் சிறு சிறு காட்சிகளாக உள்ளது.

ஆனாலும் வழிகாட்டி சொன்னதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. காதலைப் பாடும் அகப்பாட்டில் வண்டும் மலரும் முதலில் வண்டும் மலருமாகவே நின்று, பிறகுதான் தலைவனையும் தலைவியையும் உள்ளுறையாக, அதாவது மறைபொருளாக, உணர்த்துகின்றன அல்லவா? இங்கும் அப்படித்தான். சோழர் காலத்தில் கோயில் நிலங்கள் சண்டேசுவரர் பெயராலேயே வாங்கி விற்கப்பட்டன. இறைவனின் சொத்துக்குப் பொறுப்பாளர் அவர். அந்த அடியாருக்குக் கிடைத்த அருளை, தான் எழுப்பிய கோயிலில் இவ்வளவு பெரிதாக ஓர் அரசன் செதுக்க வைக்கும்போது, வென்று வந்த தன் தலையிலும் அதே கை படிந்தது என்று அவன் குறிப்பால் சொல்வதாகக் கொள்ள இடமுண்டு. இது ஊகமே, ஆனால் ஆதாரமற்ற ஊகம் அன்று.

அடுத்த முறை செல்லும்போது பக்கச் சுவர்க் காட்சிகளை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் நடுவில் உள்ள சிற்பத்துக்கு வாருங்கள்.