நனைந்த மரச்சாமானில் பூசண வாடை: சில கேள்விகள், பதில்கள்

தண்ணீர் புகுந்து நனைந்த மர அலமாரியைத் துடைத்து வெயிலில் வைத்தேன். காய்ந்துவிட்டது, ஆனால் கதவைத் திறந்தால் குப்பென்று வாடை அடிக்கிறதே?

காய்ந்தது மேல்பக்கம் மட்டும்தான். அந்த வாடை, பூசணம் வளரும்போது வெளிவிடும் வாயு. மரத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இழுப்பறையை வெளியே எடுத்து, கவிழ்த்து, அடிப்பலகையை முகர்ந்து பாருங்கள். பளபளக்கும் முன்பக்கத்தில் வார்னிஷ் இருப்பதால் தண்ணீர் அவ்வளவாக இறங்காது, ஆனால் எதுவும் பூசாத அடிப்பலகை, பின்பலகை, கால்களின் அடிமுனை எல்லாம் தண்ணீரை உறிஞ்சிக் குடித்திருக்கும், வாடையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். பின்பலகையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சுருங்கிப் பலகை வளையும், வெடிக்கும். நிழலில், சுவரை ஒட்டாமல், காலுக்கடியில் கட்டை கொடுத்து ஃபேன் போட்டு வையுங்கள். தடித்த மரம் என்றால் வாரக்கணக்கில் ஆகும், பொறுமைதான் வேண்டும்.

பிளீச் ஊற்றித் தேய்க்கலாமா?

வேண்டாம். பிளீச்சில் பெரும்பகுதி தண்ணீர்தான், அது மரத்துக்குள் இறங்கிவிடும், குளோரின் மேலேயே நின்றுவிடும். கறை வெளுத்ததும் போய்விட்டது என்று நினைப்போம், உள்ளே பூசணத்துக்கு ஈரம் கொடுத்திருப்போம். அதற்குப் பதிலாக, முகமூடி போட்டுக்கொண்டு (என்95 இருந்தால் நல்லது) ஈரத்துணியால் பூசணத்தைத் துடைத்தெடுங்கள், உலர்ந்த பிரஷ் போட்டால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். அப்புறம் வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெறும் மரத்தைத் துடைத்து மறுபடி காயவிடுங்கள். வார்னிஷ் உள்ள பக்கம் என்றால் முதலில் மறைவான ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலுக்கு ஆபத்து.

சமையல் சோடா, கரி எல்லாம் வேலை செய்யுமா?

செய்யும், மரம் முழுக்கக் காய்ந்த பிறகு. கிண்ணத்தில் வைத்துக் கதவைச் சாத்தினால் மிச்சமிருக்கும் வாடையை இழுக்கும். ஈர மரத்துக்குள் வைத்துப் பயனில்லை, அது இழுக்க இழுக்க மரம் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கும்.

இழுப்பறை உப்பிச் சிக்கிக்கொண்டது, தட்டி எடுக்கலாமா?

தட்டாதீர்கள், இணைப்பு பிய்ந்துவிடும். பின்பலகையைக் கழற்றி அந்த வழியாகக் காற்று விடுங்கள், மரம் சுருங்கினால் தானாக நகரும்.

எல்லாம் செய்தும் லேசாக வாடை இருக்கிறது. வார்னிஷ் அடித்து மூடிவிடலாமா?

உள்ளே ஈரம் இல்லை என்பது உறுதியானால் மூடலாம். ஈரப்பத மீட்டர் கிடைத்தால், அதே அறையில் நனையாத ஒரு சாமானையும் அளந்து ஒப்பிடுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறும் மரப் பக்கங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு ஷெல்லாக் பூசுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான் அது, வாடையை அடைத்து வைப்பதில் சாதாரண வார்னிஷைவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் பூசுங்கள்.

என்னுடையது பார்ட்டிகிள் போர்டு மேசை, ஓரமெல்லாம் உப்பிவிட்டது.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மரத்தூளைப் பசையில் ஒட்டி அழுத்திய பலகை அது, ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. நனைந்தது சாக்கடை கலந்த தண்ணீரில் என்றால் சாமானில் இருக்கும் மெத்தை, பஞ்சு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கட்டை மரச் சட்டம் மட்டும் இருந்தால் கழுவிக் காப்பாற்றலாம்.