முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு பச்சை வாந்தி: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒல்லியான உடம்பு. ஸ்கோலியோசிஸுக்கு (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) ஆபரேஷன் முடிந்து 9 நாள் ஆகிறது. நேற்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுக்கிறாள். பித்தம் என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறோம். அடுத்த செக்கப்புக்கு 5 நாள் இருக்கிறது. அதுவரை பார்க்கலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா, இன்றே கிளம்புங்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு அங்கேயே போவது நல்லது. முடியாவிட்டால் வேலூரில் அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாள் குடல் மந்தமாக இருப்பதும், வலி மருந்தால் மலம் கட்டுவதும் சகஜம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடத் தொடங்கிய பிள்ளை திரும்பப் பச்சையாக வாந்தி எடுத்தால், பித்தநீர் சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

வயிற்றில் பெருந்தமனியும், அதிலிருந்து கிளம்பிக் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் கவட்டை போலப் பிரிகின்றன. அந்தக் கவட்டைக்குள் புகுந்துதான் சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடல் போகிறது. அங்குள்ள கொழுப்புதான் குடல் நசுங்காமல் காக்கிறது. வளைந்த முதுகை நிமிர்த்தும்போது உடம்பு நீண்டு, கவட்டை ஒடுங்குகிறது. வழக்கமாக 38 முதல் 65 டிகிரி வரை இருக்கும் கோணம் 25க்கும் கீழே போய்விடலாம். ஒல்லியான பிள்ளைக்கு அங்கே கொழுப்பும் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு எடை இறங்கினால் இன்னும் குறையும். உங்கள் மகளுக்கு இதுதான் என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஸ்கேனோ, மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ காட்டிக்கொடுக்கும்.

பயப்படாதீர்கள். பெரும்பாலும் இதற்கு வயிற்றில் கத்தி வைக்க வேண்டியிருக்காது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்வார்கள். டிரிப்ஸ் ஏற்றி, ரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவைச் சரிசெய்வார்கள். அப்புறம் அடைப்பைத் தாண்டி நீளும் மெல்லிய குழாயில் உணவு கொடுத்து எடையை ஏற்றுவார்கள். எடை ஏறினால் வழி திறக்கும். தள்ளிப்போட்டால்தான் ஆபத்து: நம்ம ஊர் வெயிலில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும், பொட்டாசியமும் இறங்கும்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வாய்வழியே எதுவும் கொடுக்காதீர்கள், ஓமத்தண்ணீரும்தான். காரில் இடது பக்கமாகப் படுக்கவையுங்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, முதுகு முறுகாமல் உடம்பை ஒன்றாகத் திருப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி பச்சை நிறம் என்பதைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.