எபாக்சி ஒட்டு ஏன் பிளக்கிறது? படகு கட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, நான் கட்டுவது 14 அடிப் படகு. கடையில் கிடைக்கும் மரைன் பிளைவுட் 8 அடிதான். எப்படி நீட்டுவது?

பதில்: இரு பலகைகளின் முனைகளையும் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எபாக்சியால் ஒட்டுங்கள். பிசினையும், அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கலந்து செய்யும் பசைதான் எபாக்சி. சரிவின் நீளம் பலகைக் கனத்தைப் போல 8 மடங்காவது வேண்டும், 6 மி.மீ. பலகை என்றால் 48 மி.மீ. இரண்டையும் படிக்கட்டுபோல் அடுக்கி, ஒரே ஓட்டத்தில் இழைப்புளி போடுங்கள். சீவச் சீவ, பலகையின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அவை நேராகவும் சம அகலத்திலும் ஓடினால் சரிவு சரி; நெளிந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. பின்பக்கம் பட்டை வைத்து ஒட்டுவது எளிது. ஆனால் வளைக்கும்போது அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும்.

கேள்வி: அப்படித்தான் ஒட்டினேன். வளைத்ததும் பிளந்துகொண்டது. உள்ளே மரம் காய்ந்த நிறத்திலேயே இருந்தது. கிளாம்பை நன்றாகத்தானே இறுக்கினேன்?

பதில்: இறுக்கியதுதான் காரணம். தச்சுப் பசைக்கு அழுத்தம் வேண்டும். எபாக்சிக்கு இடைவெளியில் நிற்க இடம் வேண்டும். சரிவாக வெட்டிய முகத்தில் மர நாளங்களின் வாய் திறந்திருக்கும். பூசிய பிசினை அது குடித்துவிடும். மிச்சத்தை உங்கள் கிளாம்ப் பிதுக்கி வெளியேற்றிவிட்டது. முதலில் தூள் கலக்காத எபாக்சியை இரு முகங்களிலும் பூசிச் சில நிமிடம் பாருங்கள். மங்கலான திட்டுகள் தெரிந்தால் அங்கே மறுபடி பூசுங்கள். பிறகு சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கியதைத் தடவி, ஓரத்தில் மெல்லிய கோடாகக் கசியும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். படகில் கை வைக்கும் முன் துண்டுப் பலகையில் ஒட்டி உடைத்துப் பாருங்கள், தயவுசெய்து. மரம் கிழிய வேண்டும், ஒட்டு பிளக்கக் கூடாது.

கேள்வி: கலந்த எபாக்சி டம்ளரிலேயே சூடாகிப் புகைந்துவிட்டது. ஹார்டனரைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. பாலியெஸ்டர் என்ற வேறு வகைப் பிசினில்தான் அந்தத் தாராளம் உண்டு. எபாக்சியில் விகிதம் பிசகினால் அது முழுதாக இறுகாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலை நேரம் ஏறத்தாழ பாதியாகும். அதனால் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். கோடையில் மெதுவான ஹார்டனர் வாங்குங்கள்.

கேள்வி: மறுநாள் மேற்பரப்பு மெழுகுபோல் வழுக்குகிறது. உப்புத்தாள் போடவா?

பதில்: முதலில் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். ஹார்டனரும் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது, நீரில் கரையும். கழுவாமல் தேய்த்தால் படலத்தையே உள்ளே அப்புவீர்கள். அடுத்த பூச்சு பிடிக்காது.

கேள்வி: செம்புக் கம்பியால் தைத்த மூலைகளில் கம்பியை விட்டுவிடலாமா?

பதில்: விடலாம். பலகைகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் இந்த முறையைப் பரப்பியது, 1963இல் பிரிட்டனில் வந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு. அதிலும் செம்புத் தையல்தான். ஆனால் நான் எடுத்துவிடுவதையே விரும்புவேன். தையல்களுக்கு நடுவே மட்டும் கெட்டி எபாக்சி வையுங்கள். இறுகியதும் கம்பியை உருவி, மூலை முழுக்க மரத்தூள் கலந்த எபாக்சியைக் குழிவாக இழுத்து, அது இளகலாக இருக்கும்போதே கண்ணாடியிழைப் பட்டையைப் படியவையுங்கள்.

கேள்வி: கையுறை அவசியமா அண்ணா?

பதில்: கட்டாயம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. தோலில் பட்டால் தின்னர் வேண்டாம், அது இன்னும் உள்ளே இறக்கிவிடும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு நீரில் கழுவுங்கள்.