வாசகர் கேள்வி – பதில்: கார்ட்னர் என்ஜினும் ஷாப் மலைச்சாலையும்

1960களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலிருந்த ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் பணிமனையில் உதவியாளாகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே லாரி ஓட்டுநரான அனுபவத்தைச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அந்த வண்டிகளைப் பற்றியும் அவற்றோடு செய்த வேலையைப் பற்றியும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சரக்கோடு சேர்த்து இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள லாரியை வெறும் நூறு குதிரைத்திறன் கொண்ட என்ஜின் இழுத்தது என்கிறீர்கள். இன்றைய லாரிகளில் அதைப்போல நான்கைந்து மடங்கு திறன் இருக்கிறதே! அன்று எப்படி அது போதுமானதாக இருந்தது?

மெதுவாகப் போனதால் போதுமானதாக இருந்தது. பிரிட்டனில் கனரக லாரிகளுக்கு 1957 வரை சட்டம் அனுமதித்த வேகம் மணிக்கு 20 மைல்தான். அந்த ஆண்டில்தான் அது 30 மைலாக உயர்ந்தது. எட்டுச் சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 22 டன் வரை இருக்கலாம் என்ற வரம்பு 1955இல் 24 டன்னாயிற்று. அந்த எடையை அந்த வேகத்தில் சமதளத்தில் இழுத்துச்செல்ல, மான்செஸ்டருக்கு அருகே பேட்ரிகிராஃப்டில் தயாரான கார்ட்னர் 6எல்டபிள்யூ என்ஜினின் 102 குதிரைத்திறன் போதும். பிற்காலத்தில் அது 112 ஆனது. 8.4 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட அந்த என்ஜின் நிமிடத்துக்கு 1,700 சுற்றுகளுக்கு மேல் சுழலாது. அவ்வளவு நிதானமாகச் சுழன்றதால் தேய்மானம் குறைவாக இருந்தது. டீசலையும் சிக்கனமாகக் குடித்தது. ஃபோடன், ஈஆர்எஃப், அட்கின்சன், கை என்று பல நிறுவனங்கள் தங்கள் வண்டிகளில் கார்ட்னரைப் பொருத்தியதற்கும், வாங்குவோர் அதற்காகக் காத்திருந்ததற்கும் இதுவே காரணம்.

பணிமனையில் வேலை செய்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்டபிள்யூ வரிசையில் நான்கு சிலிண்டரானாலும் ஐந்தானாலும் ஆறானாலும் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் நாலேகால் அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் ஆறு அங்குலம். ஆறு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டர்கள் மூன்று மூன்றாக இரண்டு தொகுதிகளாகவும், ஐந்து சிலிண்டர் என்ஜினில் மூன்றும் இரண்டுமாகவும் வார்க்கப்பட்டிருக்கும். ஆகவே பல அளவு வண்டிகள் வைத்திருந்த நிறுவனம்கூட ஒரே அளவு பிஸ்டன்களை அலமாரியில் வைத்திருந்தால் போதும். பழுது பார்ப்பவனின் கையை நினைத்து வடிவமைத்த என்ஜின் அது என்பதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்தில்லை.

கேள்வி: அந்தக் கால லாரிகளில் கியர் மாற்றுவது தனிக்கலை என்று எழுதியிருந்தீர்கள். கிளட்சை இருமுறை மிதிப்பது என்பது தவிர அதில் வேறு என்ன இருக்கிறது?

கிளட்சை இருமுறை மிதிப்பது யாரும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடியது. எப்போது மிதிப்பது என்பதைக் காதால் அறிவதுதான் கடினம்.

அந்தக் கியர்பெட்டிகளில் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் அமைப்பு கிடையாது. இணையவேண்டிய இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஓட்டுநரே சமப்படுத்த வேண்டும். கீழ்க் கியருக்கு இறங்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தி என்ஜினின் சுற்றை உயர்த்தி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது நியூட்ரலில் சுற்று தானாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும். கார்ட்னர் என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வேகம் இழக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். சமதளத்தில் அந்தத் தாமதம் பொருட்டல்ல. ஏற்றத்திலோ, என்ஜின் சுற்று குறைவதற்காக நாம் காத்திருக்கும்போதே வண்டியின் வேகமும் விழுந்துவிடும். மேல் கியர் கைக்கு எட்டும் நேரத்தில் அதை இழுக்க வண்டிக்கு வலுவிருக்காது. இதற்காகவே பல வண்டிகளில் கிளட்ச் மிதியைக் கடைசிவரை அழுத்தினால் கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு தடை இருந்தது. அதை அளவோடு பயன்படுத்தினால் கியர் உடனே விழும். அளவு தவறினால் பற்கள் அலறும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த ஓட்டுநர் முதல் சில வாரங்கள் என்னைக் கியர் நெம்புகோலின் தலையில் உள்ளங்கையை லேசாக வைத்திருக்க மட்டுமே சொன்னார். அவர் ஓட்ட, நான் கையை வைத்திருப்பேன். பற்கள் ஒத்துவராத நேரத்தில் நெம்புகோலில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடும். வேகங்கள் நெருங்க நெருங்க அந்த நடுக்கம் அடங்கும். அடங்கிய அந்தக் கணத்தில் ஒரு விரலால் தள்ளினாலும் கியர் உள்ளே போய்விடும். பலத்தால் கியர் போடுபவரைப் பணிமனையில் யாரும் மதித்ததில்லை. மாதங்கள் பல ஓடியும் கியர்பெட்டியைப் பிரிக்கவேண்டிய தேவை வராத வண்டியைக் கண்டாலே அதை ஓட்டுபவர் யார் என்று மெக்கானிக்குகளுக்குத் தெரிந்துவிடும். நல்ல ஓட்டுநர் என்று நான் சொல்வது அப்படிப்பட்டவரைத்தான்.

கேள்வி: ஷாப் மலைச்சாலையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள். சற்று விரிவாக எழுதுவீர்களா?

இங்கிலாந்தின் வடமேற்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போகும் சரக்கெல்லாம் ஏ6 சாலையில் கெண்டல் நகரைத் தாண்டி, ஷாப் என்னும் மேட்டுநிலத்தின்மீது ஏறி, பென்ரித்தில் இறங்கும். சாலையின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 அடி. இந்த எண்ணைக் கேட்டு இது ஒரு மலையா என்று நினைக்க வேண்டாம். மரமோ மறைப்போ இல்லாத வெட்டவெளியில், நூறு குதிரைத்திறனை வைத்துக்கொண்டு முழுச்சுமையோடு ஏறியவர்களுக்கு அது பெரிய மலைதான். மிகத் தாழ்ந்த கியரில் மனிதன் நடக்கும் வேகத்தில் ஏறவேண்டிய இடங்கள் இருந்தன. பின்னால் வருபவர்கள் பொறுமையாக வரிசையில் தொடர்வார்கள்; நம்மைக் கடந்த லாரியின் வால் நம் முகப்பைத் தாண்டியதும், இனி உள்ளே வரலாம் என்று முகப்பு விளக்கை ஒருமுறை அணைத்துக் காட்டுவோம். அவர் பின்விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். அந்த மரியாதை எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதல்ல.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்கு அச்சம் தந்தது. டிரம் பிரேக் தொடர்ந்து உராய்ந்தால் சூடேறி டிரம் விரியும், லைனிங்கின் பிடிப்பும் தளரும். மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. ஆகவே எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது எல்லோரும் சொன்ன விதி. டீசல் மிச்சம் பிடிக்கவும் நேரத்தை ஈடுகட்டவும் நியூட்ரலில் உருளவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் வீரர்கள் என்று சொல்ல மாட்டேன். அது தன்னோடு எதிரில் வருபவரின் உயிரையும் பணயம் வைக்கும் செயல்.

குளிர்காலம் வேறு கதை. பல வண்டிகளின் கேபினில் சூடேற்றும் கருவியே இருக்காது. ஓட்டுநருக்கு அருகிலிருந்த என்ஜின் உறையின் வெப்பம் ஒரு பக்கத் தொடையை வேகவைக்கும். கதவிடுக்கில் நுழையும் காற்று மறுபக்கத்தை விறைக்க வைக்கும். பழைய கம்பளியைக் காலில் சுற்றிக்கொண்டுதான் ஓட்டினோம். 1962–63ஆம் ஆண்டின் கடுங்குளிரில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்து வழியெங்கும் லாரிகள் நின்றுவிட்டதையும், டேங்கின் அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி டீசலை இளக்கியதையும் எனக்கு முன்னே வேலைக்கு வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பனியில் சாலை மூடிக்கொண்டால், சட்டம் அனுமதித்த பதினொரு மணி நேர ஓட்டுதலுக்குள் ஊர் சேர்வதெல்லாம் பேச்சளவுக்குத்தான். அப்படிச் சிக்கியவர்களுக்கு அந்த மேட்டு நிலத்துப் பண்ணை வீட்டுக்காரர்கள் கதவு திறந்து உணவும் படுக்கையும் கொடுத்தார்கள்.

1970இல் எம்6 நெடுஞ்சாலை லூன் பள்ளத்தாக்கு வழியாகத் திறக்கப்பட்டதும் ஏ6 ஒரே நாளில் அமைதியாகிவிட்டது. பின்னாளில் அந்தப் பழைய சாலையோரத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதில் ஓட்டுநர்களோடு, சாலையை அமைத்துப் பராமரித்தவர்களையும் வழிப்போக்கர்களுக்கு அடைக்கலம் தந்த உள்ளூர் மக்களையும் சேர்த்தே நினைவுகூர்ந்திருப்பது மிகவும் நியாயமானது.

கேள்வி: இரண்டு ஸ்ட்ரோக் டீசல் லாரிகளை ஓட்டியிருக்கிறீர்களா?

ஃபோடன் வண்டியை ஓட்டியிருக்கிறேன். காமர் நிறுவனத்தின் என்ஜினைப் பணிமனையில் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஃபோடன் 1948இல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் என்ஜின் 4.1 லிட்டர்தான், கார்ட்னரில் பாதிகூட இல்லை. ஆனால் ஊதி மூலம் காற்றைத் திணித்து 126 குதிரைத்திறன் தந்தது. சுற்று உயர்ந்திருக்கும்போது மட்டுமே அந்த வலு கிடைக்கும் என்பதால் பிற்பாடு 12 கியர்கள் கொண்ட பெட்டியை அதனோடு சேர்த்தார்கள். கார்ட்னரில் பழகிய கைக்கு அது ஓயாத வேலை. அதன் கூர்மையான ஓலத்தைக் கேட்டவர்கள் அந்த வண்டி தெருமுனை திரும்புமுன்பே பெயர் சொல்லிவிடுவார்கள்.

காமரின் டிஎஸ்3 என்ஜின் 1954இல் வந்தது. மூன்று சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள், ஆக ஆறு பிஸ்டன்கள். அவையெல்லாம் ராக்கர்கள் என்னும் ஆடும் நெம்புகோல்கள் வழியாக ஒரே கிராங்க் தண்டைச் சுழற்றும். சிலிண்டர் தலையும் இல்லை, வால்வும் இல்லை. முதன்முறை அதைத் திறந்து பார்த்தபோது இப்படியும் ஒருவர் யோசித்திருக்கிறாரே என்று வியந்து நின்றேன்.

கேள்வி: எட்டுச் சக்கர லாரிகள் ஏன் குறைந்துபோயின?

1964ஆம் ஆண்டின் விதிகளே முக்கியக் காரணம். இழுவை வண்டியும் டிரெய்லரும் இணைந்த லாரிக்கு 32 டன் வரை அனுமதி கிடைத்தது. ஒரே சட்டகம் கொண்ட எட்டுச் சக்கர வண்டிக்கு 28 டன்தான். அந்தக் கூடுதல் சரக்கை எந்த முதலாளி விடுவார்? பெரும்பாலும் மணல், ஜல்லி ஏற்றும் டிப்பர்களாகவே எட்டுச் சக்கர வண்டிகள் நிலைத்தன.

கேள்வி: திறந்த பலகைத் தளத்தில் ஏற்றிய சரக்கு சாயாமல் எப்படிக் கட்டினீர்கள்?

தார்ப்பாயும் கயிறும்தான் துணை. அன்றைய ஓட்டுநர் வண்டி ஓட்டிய நேரத்துக்கு ஈடாகக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் உழைத்தார் என்றால் மிகையில்லை. இரண்டு தார்ப்பாய்கள் போடவேண்டியிருந்தால் பின்பக்கத்துப் பாயை முதலில் விரித்து, முன்பக்கத்துப் பாயின் விளிம்பு அதன்மேல் படியுமாறு போட வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று இடுக்கில் புகுந்து பாயைத் தூக்கிக் கிழித்துவிடும். கயிற்றைச் சரக்கின்மேல் வீசி மறுபக்கம் வந்து, தொங்கும் கயிற்றில் ஒரு கண்ணி திருகி, நுனியைத் தளத்தின் கீழுள்ள கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து, கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுப்போம். டாலி என்று ஓட்டுநர்கள் அழைத்த இந்த முடிச்சு, கப்பியில் இழுப்பதுபோல நம் இழுப்பைப் பெருக்கித் தரும். கொக்கியிலிருந்து விடுவித்ததும் தானே அவிழ்ந்துவிடும். சணல் கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். ஆகவே மழை விட்டு வெயில் வந்தால் வண்டியை ஓரங்கட்டி எல்லாக் கட்டுகளையும் மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். சோம்பல்பட்டவர்கள் சாலையில் மூட்டைகளைப் பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் மகன் பழைய லாரி ஒன்றை வாங்க ஆசைப்படுகிறான். அதற்குக் கனரக வாகன உரிமம் வேண்டுமா? முதலில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

1960 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட சரக்கு லாரியைச் சரக்கு ஏற்றாமல் ஓட்டுவதற்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கார் ஓட்டும் உரிமமே போதும். சரக்கு ஏற்றினால் அந்தச் சலுகை இல்லை. நிபந்தனைகளையும் காப்பீட்டையும் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு லங்காஷயரின் லேலண்ட் நகரிலுள்ள பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். ஓடும் நிலையில் பார்க்க வேண்டுமானால் 1962 முதல் நடந்துவரும் லண்டன்–பிரைட்டன் பழைய வணிக வாகன ஓட்டத்துக்கு மே மாதத்தில் போகட்டும். அங்கே வண்டி வைத்திருப்பவர்களிடம் பேசினால், எந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்பது தெரிந்துவிடும். மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்த கேபின் என்றால் கதவுத்தூண்களின் அடிப்பகுதியை ஒரு திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; என்ஜினைச் சீர்செய்துவிடலாம், உளுத்த மரச்சட்டத்தைப் புதிதாகச் செய்யும் தச்சர்தான் கிடைப்பது அரிது.