சேலை ஒன்று, 'புக்டு' என்ற பதில் வாங்கியவர்கள் இரண்டு பேர்

கேள்வி: சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் வீட்டில் இருந்தபடியே சேலை விற்கிறேன். தறிக்காரர்களிடம் நேரடியாக எடுத்து, வாட்ஸ்ஆப் குரூப்பில் படம் போடுவேன். மூன்று குரூப்பில் சுமார் 700 பேர் இருக்கிறார்கள். எல்லாம் என் சொந்த நம்பரில்தான். நான், வீட்டுக்காரர், நாத்தனார் மூவரும் ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துப் பதில் போடுவதால், ஒரே சேலையை இரண்டு பேருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிடுகிறோம். மொத்தமாக மெசேஜ் அனுப்ப ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். நம்பர் ஒரு நாள் முழுக்க முடங்கிவிட்டது. வெப்சைட் போட 25,000 ரூபாய் கேட்கிறார் ஒருவர். 'மென்பொருள் வழியாக மெசேஜ் அனுப்பும் வாட்ஸ்ஆப் ஏபிஐ எடுங்கள், அங்கீகார அடையாளமான பச்சை டிக்கும் வாங்கித் தருகிறோம்' என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் தொல்லை மெசேஜ் போகாததால் வரவில்லை. எந்தச் சேலை விற்றது, எது மிச்சம் என்பது மூன்று பேர் மனதில் மூன்று விதமாக இருப்பதால் வருகிறது. 25,000 ரூபாய் வெப்சைட்டும் அதைத் தானாகச் சரிசெய்யாது. அங்கேயும் விற்ற சேலையைப் பட்டியலிலிருந்து யாராவது நீக்கியாக வேண்டும்.

முதலில் சேலைக்கு நம்பர் போடுங்கள். படம் எடுக்கும்போதே, ஒரு சீட்டில் எண்ணை எழுதி முந்தானை ஓரத்தில் வைத்து எடுங்கள். படத்துக்குக் கீழே தட்டச்சு செய்கிற எண் போதாது. வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சேலையை மட்டும் வெட்டி, 'இது இருக்காக்கா?' என்று அனுப்புவார். எண் துணியோடு ஒட்டியிருந்தால் வெட்டினாலும் தெரியும். ஓரத்தில் வைத்தால் வெட்டுப்படும் என்றால் மடிப்பின் நடுவிலேயே வையுங்கள், சேலை அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மாம்பழ நிறத்தில் நான்கு சேலை, நான்கிலும் பார்டர் கொஞ்சம் கொஞ்சம் மாற்றம் என்றால், அதை நினைவில் வைத்து அடையாளம் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு கூகுள் ஷீட் ஒன்று. காசு கிடையாது, மூன்று போனிலும் ஒரே நேரத்தில் திறக்கும். சேலை எண், வாங்கிய விலை, விற்கும் விலை, நிலை, யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த ஊர், கூரியர் எண். இவ்வளவு போதும். 'நிலை' என்ற இடத்தில் இருக்கிறது, பிடித்து வைத்தது, பணம் வந்தது, அனுப்பியாயிற்று என்று நான்கே சொற்கள், தட்டித் தேர்வு செய்கிற மாதிரி. விதி ஒன்றுதான்: ஷீட்டில் குறித்த பிறகுதான் 'உங்களுக்குத்தான்' என்ற பதில் போக வேண்டும். பதிலைப் போட்டுவிட்டு 'அப்புறம் குறிச்சுக்கலாம்' என்று விட்டால், அந்த இரண்டு நிமிடத்தில்தான் நாத்தனார் அதே சேலையை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். பிடித்து வைப்பதற்கும் கெடு வையுங்கள். அரை மணி நேரத்தில் பணம் வராவிட்டால் சேலை அடுத்தவருக்கு என்று குரூப் விவரத்திலேயே எழுதிவிட்டால் மனஸ்தாபம் வராது.

இனி வாட்ஸ்ஆப். 2018-இல் வந்த வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி இலவசம். இத்தனை நாள் நீங்கள் சாதாரண வாட்ஸ்ஆப்பில் ஓட்டியதே பெரிய விஷயம். இப்போதுள்ள நம்பரிலேயே மாறலாம். முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு பிசினஸ் செயலியை நிறுவி அதே எண்ணைக் கொடுத்தால், பழைய உரையாடல்கள் கூடவே வந்துவிடும். ஆனால் சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையும் 'ஸ்டாக் இருக்கா'வும் ஒரே இடத்தில் வந்து விழுந்துகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், இந்த நம்பரை வியாபாரத்துக்கே விட்டுவிட்டு, சொந்த உபயோகத்துக்குப் புது சிம் வாங்குவேன். 700 பேருக்கும் தெரிந்தது இந்த நம்பர்தானே.

அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். போன் கடைக்காரர் பெயரிலோ, எப்போதோ அண்ணன் வாங்கிக் கொடுத்ததாகவோ இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். போன் தொலைந்தால் மாற்று சிம் வாங்கப் போகும்போதுதான் இதன் அருமை தெரியும். ரீசார்ஜையும் விட்டுவிடாதீர்கள், 90 நாள் பயன்பாடே இல்லாத பிரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். போதாததற்கு, 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது: பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸ்ஆப் போன்ற செயலிகள் ஓட வேண்டும், கணினியில் திறந்த இணைப்பை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டிக்க வேண்டும் என்று. எனவே சிம் அந்தப் போனிலேயே இருக்கட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க பின் எண்ணையும் போட்டுவிடுங்கள். அது இல்லாத வியாபார நம்பர், சாவி தொங்குகிற கடை.

பிசினஸ் செயலியில் உங்கள் போனோடு இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம். ஆகவே போனைக் கைமாற்ற வேண்டியதில்லை. வீட்டுக்காரர் அவர் போனிலிருந்தும் நாத்தனார் லேப்டாப்பிலிருந்தும் ஒரே நம்பரில் பதில் சொல்லலாம். உரையாடலுக்கு லேபிள் ஒட்டும் வசதியை அவசியம் பயன்படுத்துங்கள். பணம் வர வேண்டியது, பணம் வந்தது, முடிந்தது என்று நிறம் நிறமாகப் பிரித்துவிட்டால், இரவு பத்து மணிக்கு 'யாருக்கு இன்னும் அனுப்பலை?' என்று மேலும் கீழும் தேட வேண்டாம். விலை, கூரியர் செலவு, மாற்றித் தரும் விதி இவற்றையெல்லாம் குயிக் ரிப்ளையாகச் சேமித்துக்கொள்ளலாம்; சாய்கோடு போட்டு ஒரு சிறு சொல் அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் டேமேஜ் புகார் எடுக்க மாட்டோம் என்பதையும் அதில் மரியாதையாக எழுதிவையுங்கள். 'நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரிட்டர்ன்' என்று பெரிய எழுத்தில் மிரட்டுகிற குரூப்புகளைப் பார்த்தால் எனக்கே வாங்கத் தோன்றுவதில்லை.

அதே செயலியில், பொருள்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்டலாக் என்ற பகுதியில் 500 பொருள் வரை ஏற்றலாம். ஒரே ஒரு பீஸ் உள்ள சேலைகளை அதில் ஏற்றி வீணாக உழைக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கிடைக்கும் ரகங்களை மட்டும் வையுங்கள்.

நம்பர் முடங்கிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த சாஃப்ட்வேரை அழித்துவிடுங்கள், கொடுத்த காசு போனது போகட்டும். அதிகாரபூர்வமல்லாத கருவியால் மொத்தமாக அனுப்புவது வாட்ஸ்ஆப் விதிக்கு விரோதம். அதோடு, தெரியாத நம்பரிலிருந்து சேலைப் படம் வந்தவர்கள் 'பிளாக்', 'ரிப்போர்ட்' அழுத்தியிருப்பார்கள். மறுமுறை முடங்கினால் ஒரு நாளில் திரும்பும் என்று சொல்ல முடியாது. செயலிக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஜிபி வாட்ஸ்ஆப் போன்ற போலிச் செயலி எந்தப் போனிலாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் உண்டே என்பீர்கள். ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். 'அனுப்பினேன், பார்க்கவேயில்லை' என்று நீங்கள் நினைக்கிற வாடிக்கையாளர்களில் பலர் நம்பரைச் சேமிக்காதவர்களாக இருப்பார்கள். ஒவ்வொரு பார்சலிலும் நம்பரை அச்சடித்த சின்ன அட்டை வைத்து, 'சேமித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிடுங்கள்.

குரூப்பில் வேறொரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நடந்திருக்கும். குரூப்பில் யார் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊரிலேயே இன்னொரு வியாபாரி ரீசெல்லர் என்ற பெயரில் உள்ளே வந்து, உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாக 'அதே சேலை, 50 ரூபாய் கம்மி' என்று அனுப்ப ஒரு மாலை நேரம் போதும். தெருவுக்குத் தெரு சேலை விற்கிற ஊரில் இது அதிசயமல்ல. இதற்கு மாற்று, நீங்கள் மட்டும் படம் போட மற்றவர்கள் பின்தொடர்ந்து பார்க்கும் வாட்ஸ்ஆப் சேனல். 2023-இல் வந்தது. பின்தொடர்கிறவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. குறை என்னவென்றால், சேனல் அறிவிப்பு தானாகவே ஒலியடங்கி இருக்கும்; மணி அடையாளத்தைத் தட்டச் சொல்ல வேண்டும். பழைய குரூப்பை ஒரே நாளில் மூடாதீர்கள். புதுச் சேலையை முதலில் சேனலில் போடுங்கள், சில மணி நேரம் கழித்துக் குரூப்பில். சேலை பிடித்தவர்கள் தாமாகவே இடம் மாறுவார்கள்.

இப்போது அந்த ஏபிஐ. மோசமான பொருள் அல்ல. உங்களுக்கு இன்னும் காலம் வரவில்லை. அதற்கென்று தனிச் செயலி கிடையாது, ஏதாவது ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். அது போக வாட்ஸ்ஆப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு மெசேஜ் கட்டணம். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் கணக்கு. வாடிக்கையாளர் முதலில் எழுதினால் 24 மணி நேரத்துக்கு நீங்கள் சொல்லும் பதில்களுக்குக் காசில்லை. நீங்களாக விளம்பரம் அனுப்பினால் வரியோடு சேர்த்து ஒன்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டி வரும். 700 பேருக்கு மாதம் 25 நாள் படம் அனுப்பினால் 17,500 மெசேஜ், ஏறக்குறைய அவ்வளவு ரூபாய். எத்தனை சேலை விற்றால் அது தேறும் என்று உங்களுக்குத்தான் தெரியும். பச்சை டிக் என்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அந்த டிக் 2024-லேயே நீலமாகிவிட்டது. தான் விற்கும் பொருளின் நிறமே தெரியாதவர் அவர்! பதில் சொல்ல ஐந்தாறு பேரைச் சம்பளத்துக்கு வைக்கும் நாள் வந்தால் அப்போது ஏபிஐ பற்றி யோசிக்கலாம்.

வெப்சைட்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வெப்சைட்டின் முகவரிப் பெயரான டொமைன் யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகும்? இரண்டாம் ஆண்டிலிருந்து மொத்தச் செலவு எவ்வளவு? விற்ற சேலையை வெப்சைட்டிலிருந்து நானே போன் வழியாக நீக்க முடியுமா, இல்லை ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிட வேண்டுமா? 'டொமைன் எங்ககிட்டயே இருக்கும், நீங்க கவலைப்படாதீங்க' என்றால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நாளை அவரோடு பிணக்கு வந்தால் உங்கள் கடைப் பெயர் அவர் கையில் இருக்கும். கடைக்குப் பிடித்த பெயர் இருந்தால் டொமைனை மட்டும் இப்போதே உங்கள் பெயரில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம். வெளியூர்க்காரர்கள் இளம்பிள்ளைக்கு நேரிலேயே சேலை எடுக்க வருகிறார்கள், அதனால் பலனுண்டு. ஆனால் நேரில் வாடிக்கையாளரைச் சந்திக்காத, முழுக்க ஆன்லைன் வியாபாரத்துக்கு அங்கே இடமில்லை என்பது கூகுளின் விதி. வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றால், வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைத்து, நேரம் குறித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தெரு, பலகை, உள்ளே சேலை அடுக்கு மூன்றும் தெரிய வீடியோ கேட்கக்கூடும். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவுக்குப் பணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

பணம் பற்றி ஒரே சொல்: வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் ரசீது அல்ல. பணம் போனதாகக் காட்டும் போலிப் படம் தயாரிக்கும் செயலிகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே ஷீட்டில் 'பணம் வந்தது'. பணம் வாங்க யுபிஐ பின் போடச் சொன்னால் அது மோசடி, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெங்களூருவுக்கும் மும்பைக்கும் அனுப்புகிறீர்களா? உள் மாநிலத்தில் பொருள் மட்டும் விற்றால், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொதுவாகச் செல்லாது. முதல் சேலையிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்குச் சில விலக்கு உண்டு, எடுத்து விற்பவருக்கு அது பொருந்துமா என்பதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். அவரைப் பார்க்கப் போகும்போது, ஷீட்டில் 'எந்த ஊர்' என்ற பத்தியில் வெளி மாநில விற்பனையை மட்டும் வடிகட்டி, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.